படிவத்தில் இல்லாத கையெழுத்து



மனநல மருத்துவமனையில் பிள்ளைகளுக்காக நிரப்பப்படும் ஒப்புதல் படிவம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பதினான்கு வயதுப் பிள்ளையின் பெயர் இருக்கும். கீழே அப்பாவின் கையெழுத்தோ அம்மாவின் கையெழுத்தோ இருக்கும். கை முறிந்து மாவுக்கட்டுப் போட வந்த பிள்ளை என்றால் இந்த ஏற்பாட்டில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. பிள்ளை முரண்டு பிடித்தாலும் கட்டு தன் வேலையைச் செய்யும், எலும்பு கூடிவிடும். உளவியல் சிகிச்சையில் அந்த வசதி கிடையாது. அங்கே மருந்தே பேச்சுதான், அந்தப் பேச்சும் பிள்ளையின் வாயிலிருந்துதான் வர வேண்டும். பிள்ளை வாயை மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அப்பா போட்ட கையெழுத்தால் சிகிச்சையாளருக்கு என்ன பயன்? சட்டத்துக்கு அது போதும். சிகிச்சைக்குப் போதாது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பிள்ளையின் சம்மதத்தைக் கேட்பது சிகிச்சைக்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டிய ஒரு சம்பிரதாயம் என்றும், அதுவும் பெரியவர்களின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்றும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படிக் கேட்பதே சிகிச்சையின் முதல் பகுதி என்பது என் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை நம் நாட்டில் நிலைமை தெளிவாகவே இருக்கிறது. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லிப் பெறுவதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயிடம் ஒப்புதல் வாங்கி அறுவைச் சிகிச்சை செய்த வழக்கு அது. பெற்ற தாயே ஆனாலும், வளர்ந்த மகளுக்காக அவர் சொன்ன 'சரி' செல்லாது என்றது நீதிமன்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மனநோய் உள்ளவர் என்பதாலேயே முடிவெடுக்கத் தெரியாதவர் என்று கருதக்கூடாது, அவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவது மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என்று அது எழுதி வைத்திருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் பதினெட்டு வயது என்ற வாசற்படியில் வந்து நின்றுவிடுகிறது. தீவிர மனநோயில் இருக்கும் நாற்பது வயதுக்காரருக்குக் கிடைக்கும் இந்த நம்பிக்கை, தேர்வுப் பதற்றத்துக்காக ஆலோசனைக்கு வரும் பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கிடையாது. அவளுடைய பிரதிநிதி அவளுடைய சட்டப்படியான பாதுகாவலர்தான். அவர் பிள்ளையின் நலனுக்கு எதிராக நடந்தால் மனநல மறுஆய்வு வாரியம் வேறொருவரை நியமிக்கலாம் என்பது மட்டுமே அவளுக்கு உள்ள காப்பு.

மற்றச் சட்டங்களைப் புரட்டினால் வயது விஷயத்தில் நம் நாட்டுக்கே ஒரு முடிவு இல்லை என்பது தெரிகிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம், பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலர் ஒப்புதல் தரும் இடத்தில் பன்னிரண்டு வயதைத்தான் எல்லையாக வைத்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதை மாற்றவில்லை. எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னும் வியப்பான ஒரு பிரிவு உண்டு. அந்நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிரம்பி, போதிய மனமுதிர்ச்சியும் இருந்தால், தம்பி தங்கைகளுக்கு அதுவே பாதுகாவலராக இருக்கலாம் என்கிறது. பள்ளியில் சேர்ப்பது, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அதில் அடக்கம். தம்பியின் சிகிச்சைக்குப் பொறுப்பேற்க முடிகிற அக்கா, தன் மனக்கவலைக்குச் சிகிச்சை கேட்டு வந்தால் "பெரியவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படுவாள். இந்தச் சட்டமும் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஒரே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியவை!

இனி இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்கிறேன். அகராதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான், பேச்சு வசதிக்காகத்தான் இந்தப் பிரிவினை. விவரம் அறிந்து, சட்டப்படி செல்லத்தக்க வகையில் தருவது ஒப்புதல். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், 'சரி, நான் வருகிறேன்' என்று பிள்ளையின் மனம் உடன்படுவது இசைவு. குழந்தை மருத்துவத்தில் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் தேவை என்ற கருத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1995-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, பிள்ளையைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் அதன் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. ஆனால் நான் உரிமையின் வாசல் வழியாக இந்த வாதத்துக்குள் வரவில்லை. சிகிச்சை பலிக்குமா பலிக்காதா என்ற வாசல் வழியாக வருகிறேன்.

அந்த வாசலில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நின்றிருந்தார். குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வு பற்றி வியன்னாவில் உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்ட் ஆற்றிய உரைகள் 1927-இல் நூலாக வந்தன. வளர்ந்த நோயாளியிடம் இருப்பவை, ஆனால் குழந்தையிடம் இல்லாதவை என்று அவர் மூன்றைச் சொன்னார். தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வு குழந்தைக்கு இல்லை. சிகிச்சைக்கு வருவது என்ற முடிவு அதனுடையதல்ல. குணமாக வேண்டும் என்ற விருப்பமும் இல்லை. வீட்டிலோ பள்ளியிலோ அதன் நடத்தையைப் பொறுக்க முடியாதவர்கள் அதைக் கொண்டுவந்து விடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே சிகிச்சைக்கு முன்னால் ஓர் ஆயத்த காலம் வேண்டும், குழந்தை இந்தச் சிகிச்சையைத் தன்னுடையதாகக் கருதும்வரை அதற்காக உழைக்க வேண்டும் என்றார் அவர். இன்னொரு உளப்பகுப்பாய்வாளரான மெலனி க்ளைன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தையின் விளையாட்டே போதும், நேரடியாகத் தொடங்கலாம் என்பது அவர் கட்சி. அந்தச் சண்டை வெகுகாலம் நடந்தது, இங்கே அதை விரிக்க நேரம் இல்லை. உளப்பகுப்பாய்வின் பல கருத்துகள் இன்று பழசாகிவிட்டன. ஆனால் அன்னா ஃப்ராய்ட் சொன்ன அந்த மூன்று குறைகள் பழசாகவில்லை. ஒப்புதல் படிவத்தில் விடுபட்டுப் போவதும் அவைதான்.

இதற்கு எண்ணிக்கையில் ஆதாரம் 2001-இல் வந்தது. யே, வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மனநலச் சிகிச்சைக்கு வந்த 381 பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். என்ன பிரச்சினைக்காக இங்கே வந்திருக்கிறீர்கள்? அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட இணைகளில் பெற்றோரும் பிள்ளையும் சொன்ன பிரச்சினைகளில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. 'பயம்', 'கோபம்' என்று பெரிய வகைகளாகத் தொகுத்துப் பார்த்தபோதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இணைகளில் உடன்பாடு இல்லை. இதை நம் ஊர் மொழியில் சொல்லிப் பாருங்கள். "மார்க் குறைந்துவிட்டது, எப்போதும் ஃபோன்தான்" என்பார் அப்பா. "வீட்டில் தினமும் சண்டை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை. இவர்களில் யாருடைய பிரச்சினைக்குச் சிகிச்சை தருவது? கையெழுத்துப் போட்டவரின் பிரச்சினைக்கு என்றால் அது சிகிச்சையே அல்ல, பிள்ளையைச் சொன்னபடி கேட்கவைக்கும் வேலை. சிகிச்சையாளரும் சிகிச்சை பெறுபவரும் குறிக்கோளில் உடன்பட வேண்டும், வழியில் உடன்பட வேண்டும், இருவருக்கும் இடையில் ஒரு பற்று உண்டாக வேண்டும் என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் வகுத்தார். சிகிச்சை உறவு என்று இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். அந்த மூன்றில் முதல் இரண்டும் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்பதைத் தவிர வேறென்ன?

நடைமுறையில் நடப்பது நேர் எதிர். பிள்ளையை ஏமாற்றித்தான் அழைத்து வருகிறோம். "சும்மா ஒரு ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு வரலாம்." "வரும்போது ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்." இவையாவது இனிப்பான பொய்கள். "ஒழுங்காக இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்பது மிரட்டல். நம்பிக்கையை முதலாகப் போட்டு நடத்த வேண்டிய ஒரு வேலையை, முதலையே தின்றுவிட்டுத் தொடங்குகிறோம். ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நான் யார், இங்கே ஊசி கிடையாது, வீட்டில் உன்னைப் பற்றி என்னிடம் இன்னது சொன்னார்கள், நாம் விளையாடிக்கொண்டும் வரைந்துகொண்டும் அதைப் பற்றிப் பேசுவோம், இத்தனை முறை வருவாய், பிடிக்காவிட்டால் என்னிடம் சொல்லலாம். இந்த ஆறு வாக்கியங்களில் மிக முக்கியமானது மூன்றாவது. பெரியவர்கள் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பது குழந்தைக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்பதுதான் தெரியாது. பதினைந்து வயதுக்காரருக்கு இதோடு இன்னும் சில சேரும். இந்தச் சிகிச்சைமுறைக்கு என்ன பெயர், வேறு என்ன முறைகள் உண்டு, மருந்து தேவைப்படுமா, தொடக்கத்தில் மனம் இன்னும் கனமாகத் தோன்றக்கூடும் என்பது, பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவோம் என்பது. ஒருமுறை சொன்னால் தீர்ந்துவிடும் காரியமும் இல்லை இது. ஏழு வயதில் வந்த குழந்தை ஒன்பது வயதிலும் வருகிறது என்றால் இசைவைப் புதிதாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் கேட்பது இப்போது வேறொரு குழந்தையை.

முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததே: பிள்ளைக்கு என்ன தெரியும்? இதற்குப் பதில், வயதைப் பொறுத்து நிறையவே தெரியும் என்பது. 1982-இல் வைத்தார்ன், கேம்ப்பெல் என்ற இருவர் 9, 14, 18, 21 வயதினரிடம் சில கற்பனைச் சூழல்களைத் தந்து, எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அவற்றுள் ஒன்று மனச்சோர்வு. பதினான்கு வயதினரின் விடைகள் பொதுவாக வளர்ந்தவர்களின் விடைகளுக்குக் குறைந்தவையாக இல்லை. ஒன்பது வயதினர் புரிந்துகொள்வதிலும் காரணம் சொல்வதிலும் பின்தங்கினார்கள், ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த முடிவுகள் பெரும்பாலும் அறிவுக்குப் பொருந்தியவையே. மறுப்பவர்கள் இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி கேட்கலாம். நல்ல உடல்நலத்தோடு அமைதியாக உட்கார்ந்து காகிதத்தில் விடை சொல்வதும், தூக்கமில்லாத மூன்றாவது வாரத்தில் முடிவெடுப்பதும் ஒன்றா? ஒன்றல்ல. இந்தியா உட்பட 11 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. நிதானமாக யோசிக்கும் திறன் பதினாறு வயது வாக்கில் வளர்ந்தவர்களின் அளவை எட்டிவிடுகிறது. உணர்ச்சியும் சகாக்களின் நெருக்கடியும் அழுத்தும்போது தன்னைக் கட்டுப்படுத்தும் திறனோ பதினெட்டைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து வருவது 'கேட்காதே' என்ற முடிவு அல்ல, 'அவசரப்படுத்தாதே' என்பதுதான். முதல் நாள் புலம்பலில் 'சரி' என்றதையும் 'மாட்டேன்' என்றதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாமல், சூடு தணிந்தபின் இன்னொரு முறை கேட்கலாம்.

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு வயதை விட்டுவிட்டுப் பதில் தேடினார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்களுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனை தரலாம் என்ற அரசுச் சுற்றறிக்கையை எதிர்த்து விக்டோரியா கில்லிக் என்ற தாய் வழக்குத் தொடுத்தார். 1985-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சொல்லப்படுவதை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அறிவும் முதிர்ச்சியும் பிள்ளைக்கு இருந்தால், அந்த விஷயத்தில் அதன் ஒப்புதலே போதும் என்றது. எதிர்த்து வழக்காடியவரின் பெயரே அந்தத் தகுதிக்கு அளவுகோலாக நிலைத்துவிட்டது வரலாற்றின் குறும்பு. அதே நாட்டில் 1992-இல் இன்னொரு வழக்கு. உணவை மறுக்கும் நோயால் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த பதினாறு வயதுப் பெண் சிகிச்சையை மறுத்தபோது, அவள் மறுப்பை மீறிச் சிகிச்சை தரலாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஏற்பதற்குத் தகுதி உண்டு, மறுப்பதற்கு இல்லையா என்று சட்ட அறிஞர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். தர்க்கப்படி கேலி சரிதான். எனினும் உயிர் போகும் இடத்தில் நானும் அந்த நீதிபதிகள் பக்கம்தான் நிற்பேன். நான் கேட்பது வீட்டோ அதிகாரம் அல்ல. மீற வேண்டிய நேரத்தில் மீறும்போதும், ஏன் மீறுகிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லியாக வேண்டும். நம் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், பிள்ளையை மனநல நிலையத்தில் சேர்ப்பது பற்றிய 87-ஆம் பிரிவில், அறிய முடிகிற அளவுக்குப் பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்தச் சிறிய சொற்றொடரை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

அடுத்தது ரகசியம். வளரிளம் பருவத்தினரின் சிகிச்சை பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. கலிபோர்னியாவில் 562 பள்ளி மாணவர்களை வைத்துச் செய்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், நீ சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன் என்று மருத்துவர் உறுதி தந்தபோது, அந்தரங்கமான செய்திகளைச் சொல்லத் தயாராக இருந்தவர்கள் 39 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்ந்தார்கள். மறுபடி வருவேன் என்றவர்கள் 53-லிருந்து 67 ஆனார்கள். அதே ஆய்வில் என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு செய்தியும் உண்டு. 'சில விஷயங்களை மட்டும் சொல்லியே ஆக வேண்டும்' என்று எல்லையையும் சேர்த்துச் சொன்னபோது, மறுபடி வருவேன் என்றவர்களின் அளவு பத்துப் புள்ளி குறைந்தது. அப்படியானால் எல்லையைச் சொல்லாமல் மறைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் புகார் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் சிறைத் தண்டனை வரை உண்டு. சிகிச்சையாளருக்கு விலக்கு இல்லை. பதினேழு வயதுப் பெண் விருப்பத்தோடு கொள்ளும் பாலுறவும் இந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றம் என்பதால், ஆலோசனை அறையில் சாதாரணமாக வரும் ஒரு பேச்சு காவல் நிலையம்வரை போய்விடலாம். இந்த இறுக்கத்தை உணர்ந்துதான், சிறுமி கருக்கலைப்புக்கு வரும்போது அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், புகாரில் அவள் அடையாளத்தை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. உளவியல் ஆலோசனைக்கு அத்தகைய தளர்வு வரவில்லை. ஆகவே எல்லையை முதல் நாளே சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் சிலர் வாய் திறக்காமல் போவார்கள் என்பது உண்மையான இழப்பு. ஆனால் ரகசியம் என்று நம்பவைத்துப் பேசவிட்டுப் பிறகு புகார் தருவது, ஏற்கெனவே ஒரு பெரியவரால் ஏமாற்றப்பட்ட பிள்ளையை இன்னொரு பெரியவர் ஏமாற்றுவதாகும்.

இரண்டாவது மறுப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது, அதில் ஒரு வலி இருக்கிறது. "பெற்றவர்கள் நாங்கள், பணம் கட்டுகிறவர்களும் நாங்கள். எங்கள் பிள்ளை எங்களைப் பற்றி உள்ளே என்ன சொல்கிறது என்று எங்களுக்கே தெரியக்கூடாதா? இந்தத் தனிமனித ரகசியமெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நம் குடும்பம் அப்படி இல்லை." இதில் பாதியை ஏற்கிறேன். குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குச் சிகிச்சை பெற்றோர் கையில் இருக்கிறது. சிறு குழந்தைகளின் நடத்தைக் கோளாறுகளுக்கு ஆய்வுகளின் ஆதரவு அதிகம் பெற்ற முறை, பெற்றோருக்குப் பயிற்சி தருவதுதான். அப்படியிருக்க, பெற்றோரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் சரிசெய்து தருவோம் என்பது மோசமான சிகிச்சை. உண்மையில் இன்றைய படிவம் பெற்றோரையும் ஏமாற்றுகிறது. என்ன முறை, எத்தனை மாதம், வீட்டில் அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது என்ன என்று எதையும் சொல்லாமலே அவர்களிடமும் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஆகவே முதல் சந்திப்பில் மூவரும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும். பிள்ளை பேசியது பேசியபடி வெளியே வராது. எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே சொல்லப்படும், அப்படிச் சொல்லும் முன் பிள்ளையிடம் தெரிவிக்கப்படும். கூட்டுக் குடும்பத்தில்கூட பாட்டியிடம் சொன்னது அப்பாவின் காதுக்குப் போகாமல் நின்ற வழக்கம் உண்டு. அந்தரங்கம் நமக்கு அந்நியம் என்பதை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மறுபாதியை ஏற்கமாட்டேன். பெற்றோரின் அன்பு உண்மையாக இருந்தாலும் அவர்கள் கேட்கும் சிகிச்சை தவறாக இருக்கலாம். பிள்ளையின் பாலீர்ப்பை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் அழைத்து வரும் பெற்றோர் இதற்குக் கூர்மையான உதாரணம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் அப்படிப்பட்ட 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடை செய்து உத்தரவிட்டார். அந்த வழக்கில் வந்தவர்கள் வளர்ந்த பெண்கள். அதற்கு முன்பு, இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று சொல்லி அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார் என்பது அந்த வழக்கின் அழகான பக்கம். அத்தகைய முயற்சிகளில் பெற்றோரின் ஒப்புதலுக்குக் குறைவில்லை. 2001-இல் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்து தீயில் மாண்டவர்களைக் கொண்டுபோய் விட்டதும் பெரும்பாலும் குடும்பங்கள்தான். மாண்டவர்களும் பெரும்பாலும் வளர்ந்தவர்களே. உறவினரின் ஒப்புதல் மட்டும் இருந்து, சம்பந்தப்பட்டவரின் குரல் இல்லாதபோது சிகிச்சை எந்த எல்லைவரை போகும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

நேரம் இல்லை என்பது மூன்றாவது மறுப்பு. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவைப் பார்த்தவர்கள் இதை இளக்காரமாகப் பேசமாட்டார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருந்தது. அத்தனை பேருக்கும் அரை மணி நேரம் விளக்கம் சொல்ல ஆளில்லை. ஆனால் தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடும் பிள்ளைகளும் குடும்பங்களும் 40 முதல் 60 சதவீதம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அடுத்த மாதம் வராமல் போகும் பிள்ளைக்குச் செலவிட்ட நேரமெல்லாம் வீண். மேலே சொன்ன ஆறு வாக்கியங்களுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு சின்னப் பிரிவு உண்டு. மனநல நிலையத்தில் சேர்க்கப்பட்டிருக்கும் பிள்ளைக்கு அங்கே இருக்கும்போதே பதினெட்டு வயது நிரம்பினால், பொறுப்பு மருத்துவ அதிகாரி அதைச் சுயேச்சையான நோயாளியாக வகைப்படுத்த வேண்டும். நேற்றுவரை அப்பா கையெழுத்துப் போட்ட அதே கட்டிலில், அதே மருந்தோடு, இன்று ஒருவர் வந்து உட்கார்ந்து என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, இங்கேயே இருக்க விருப்பமா என்று கேட்க வேண்டும். சில இடங்களில் அந்தக் காலையில்தான் அந்தப் பிள்ளை தன் நோயின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்படும். முதல் நாளிலிருந்தே சொல்லி வந்த இடத்தில் அந்தக் காலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான், பேனாவை இந்தப் பக்கம் நீட்டுவது.